மிதந்தவை செய்த வினை என்ன?

இத்தாலியில் குப்பியோ என்ற பழைய ஊரை ஒட்டி போத்தாச்சோனே பள்ளத்தாக்கு. சாலையோரத்திலேயே இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்கிறது. நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் களிமண். ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியன் நான், சைவ வீட்டுப் பிள்ளை. எனக்கும் பெரியப்பா மகனுக்கும் தீராத வழக்கு இந்த ஒரு சென்டிமீட்டரால்தான்.

களிமண்ணுக்குக் கீழுள்ள பாறையில் கைலென்ஸை வைத்தால், மணல் பருமனில் ஃபோராமினிஃபெரா ஓடுகள் அப்பிக் கிடக்கும். ஒற்றைச் செல் உயிர்கள். கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்ந்தவை. களிமண்ணைத் தாண்டி லென்ஸை மேலே நகர்த்தினால் பெரிய ஓடு ஒன்றுகூட இல்லை. ஏதோ சில பொடிசுகள், அவ்வளவே.

நிலவியலாளர் வால்டர் அல்வாரெஸும் அவர் தந்தை லூயிஸும் இந்தக் களிமண் படிய எவ்வளவு காலம் ஆனது என்று அறியத்தான் அதிலுள்ள இரிடியம் என்ற உலோகத்தை அளக்கக் கொடுத்தார்கள். ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மைக்கேலும் அளந்தபோது அக்கம்பக்கத்துப் பாறையைவிடச் சுமார் 30 மடங்கு. பூமியின் இரிடியம் பெரும்பாலும் இரும்போடு சேர்ந்து மையத்துக்கு இறங்கிவிட்டது. ஆகவே இது வானத்திலிருந்து வந்த சரக்கு. 1980-இல் நால்வரும் அதை எழுதினார்கள். அந்த விண்கல் விழுந்த இடம் மெக்சிகோவின் சிக்சுலூப் என்பது 1991-இல் துலங்கியது: சுமார் 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம், வயது 6 கோடியே 60 லட்சம் ஆண்டு.

அண்ணன் சைவ சித்தாந்த வகுப்பு எடுப்பவர். சிவனின் ஐந்தொழிலில் அழித்தல் தண்டனை ஆகாது, பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இளைப்பாறுதல் என்பார். பெரிய மனசுள்ள தத்துவம். அதுவரை எனக்குக் குறையில்லை. அடுத்த மூச்சில், "யாருக்கு எப்ப ஓய்வுங்கிறது அவங்கவங்க வினைப்படிதான் தம்பி" என்பார். அங்கேதான் இடிக்கிறது. மிதந்து வாழ்ந்த ஃபோராம் இனங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. கடல்தரையில் வாழ்ந்தவை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. மேலே மிதந்ததில் என்ன பாவம், அடியில் கிடந்ததில் என்ன புண்ணியம்? கல் விழுந்ததும் கந்தகம் மிகுந்த பாறைமேல்; அந்தக் கந்தகமும் புழுதியும் புகைக்கரியும் சேர்ந்து வெயிலை மறைத்தன. பூமி சுழலும் வேகத்துக்கு, கல் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்திருந்தால் வேறெங்கோ விழுந்திருக்கும்.

எல்லாம் நன்மைக்கே, அதே அழிவில் டைனோசர் போனதால்தானே நாம் வந்தோம் என்று சொல்பவர்களும் உண்டு. இதைச் சொல்கிறவர் எப்போதும் பிழைத்தவர் வம்சமாகவே இருப்பார்.

பாறைச் சண்டையாக மட்டும் இருந்தால் விட்டிருப்பேன். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி, "முன்வினை, என்ன செய்வது" என்று காபி ஆற்றிக்கொண்டே பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். கரையில் குடிசை போட்டிருந்தது வினையென்றால், மேல்நீரில் மிதந்ததும் வினைதான்.

இதைச் சொன்னபோது அண்ணன் கோபிக்கவில்லை. ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, காரணம் நமக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கிறது என்றார். எனக்குச் சம்மதம். மறைத்திருப்பது உண்மையென்றால் நாகப்பட்டினத்துக்காரர்களின் வினை மட்டும் உங்கள் வகுப்புக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரங்களை வரிசையாகப் படிக்காமல் குறுக்கே பேசுகிறேன் என்கிறார். படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.