மாத்திரையும் மனந்திறந்த பேச்சும்

சாரல் காலத்தில் குற்றாலத்துப் பேரருவியின் கீழ்த் தலைகொடுத்து நிற்போர் யாவரும் உல்லாசத்திற்காக வந்தவர் அல்லர். அருவிநீர் பித்தம் தெளிவிக்கும் என நம்பி, மனம் நொந்த பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வரும் பெற்றோரும் உண்டு. அன்பினின்று பிறந்த அந்நம்பிக்கையை நாம் இகழ்வதற்கில்லை. எனினும், நீராட்டு உடலைக் குளிர்விக்கும். மனச்சோர்வு என்னும் நோயைத் தீர்க்காது. நம்பிக்கை மருத்துவத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடிக் காப்பகமொன்றில் மூண்ட தீயில் 28 மனநோயாளிகள் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பியோட இயலவில்லை.

இன்று தென்காசிப் பக்கத்துப் பெற்றோர் மருத்துவரிடம் செல்லத் தயங்குவதில்லை. அவர்தம் கேள்வி வேறு: "சாமி, படிக்கிற பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கலாமா? அவன் குணமே மாறிவிடாதா?"

நியாயமான அச்சமே. மனச்சோர்வுற்ற, 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரங்களில், ஃபுளுவாக்செட்டின் மாத்திரையோடு பேச்சுவழி உளச்சிகிச்சையும் பெற்றோரில் 71 விழுக்காட்டினர் தேறினர். மாத்திரை மட்டும் பெற்றோரில் 61, பேச்சுவழிச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் 43, மருந்தில்லா வெற்று மாத்திரை பெற்றோரில் 35 விழுக்காட்டினரே தேறினர். அதே ஆண்டில், இவ்வகை மருந்துகள் இளையோர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என அந்நாட்டு அரசு எச்சரித்தது. எனவே தொடக்க வாரங்களில் வீட்டாரின் விழிப்பான கண் தேவை. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் தகாது.

நமக்கு இது வெறும் மருத்துவக் கணக்கன்று, அறக்கேள்வியுமாகும். "வெளியே தெரிந்தால் நாளை யார் பெண் கொடுப்பார்கள்?" என்று மருந்தை மறுப்பது, மகனின் துயரைவிடக் குடும்ப மானத்தைப் பெரிதாக்குவதாகும். மாத்திரையை நீட்டிவிட்டுக் கடமை முடிந்தது என எண்ணுவதும் அதற்குக் குறைந்த பிழையன்று. மதிப்பெண் குறைந்த அவமானத்தையோ, தந்தையின் குடியால் சிதைந்த இரவுகளையோ மாத்திரை கேட்டறியாது. அவற்றைக் கேட்க ஒரு மனிதச் செவி வேண்டும். நோயின் பாரத்தைச் சற்றே இறக்கி, பிள்ளை வாய்திறந்து பேச வலுத்தருவதே மருந்தின் பணி. அவ்வாறு தருகையில், எதற்காகத் தருகிறோம் என்பதை அப்பிள்ளைக்கே விளக்கிச் சொல்லவும் வேண்டும். அவன் பழுதுபார்க்கப்படும் பொருளல்லன்.

சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் மன்றாட்டையும் மருத்துவரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. நோயுற்றவனுக்கு இரண்டையும் ஒருங்கே காட்டுகிறது. மருந்தையும் உரையாடலையும் நாமும் அவ்வாறே ஒன்றாய்ப் பிள்ளைகளுக்குத் தருவோம்.