தோட்டம் கைமாறினால் வினை எங்கே போகும்?

உடம்பு மாறினாலும் வினை கூடவே வரும் என்பது சைவத்தின் அடிப்படை. உயிர் பழைய உடம்பை விட்டுப் புதியதை எடுக்கும்போது, செய்ததும் கொடுக்க வேண்டியதும் பின்னாலேயே வந்து சேர்கின்றன. மனிதருக்கு இது சரி. ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு? பல நூறு பேர் உழைத்து ஒரே பெயரில் நிற்கிற ஒரு கம்பனிக்கு? அது ஒருநாள் காலையில் வேறொரு கம்பனியாக எழுந்தால், நேற்றுவரை அது பட்ட கடன் யாருடையது? மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு வரும் பாதையோரத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளையாக வாழ்நாளைக் கழித்தவன் நான். செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்தே இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

என் சின்ன வயதில் இங்கே வெள்ளைக்காரக் கம்பனி. 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இல் அதைத் திருத்திக் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தோட்டங்கள் பெரும்பாலும் ஜனவசம, எஸ்.பி.சி. என்ற இரண்டு அரசாங்க நிறுவனங்களின் கைக்குப் போயின. 1992இல் அவற்றை 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்து நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். முதலில் முகாமை ஒப்பந்தம், 1995 முதல் பங்கு விற்பனை; குத்தகை 53 ஆண்டு. நிலம் இன்றும் அரசாங்கத்தினுடையதுதான். இத்தனை மாற்றம் நடந்த ஒவ்வொரு நாளின் மறுநாளும் பெரட்டுக்களத்தில் அதே ஆட்கள்தான் நின்றார்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, கையில் மட்டக்குச்சி. எந்த மலைக்கு எத்தனை ஆள் என்று நான் வாசித்தேன், அவர்கள் போனார்கள்.

அப்படியானால் ஒன்றுமே மாறவில்லையா? மாறியது. ஆனால் கொழும்பில் கையெழுத்திட்ட நாளில் மாறவில்லை. அது எப்படி மாறியது என்பதை எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில்தான் நான் கண்டேன்.

கம்பனி வந்து சில வருடங்களில் எங்கள் ஸ்டோரை மூடினார்கள். கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்பச் சொன்னார்கள். எங்கள் ஸ்டோர் ஆட்களும் அங்கே போனார்கள். இரண்டு தோட்டமும் ஒரே கம்பனி, ஒரே துரை, வாங்குவது ஒரே சம்பளம். ஆனால் ஸ்டோருக்குள் இரண்டு ஊர் இருந்தது. அரைத்த கொழுந்து நொதிக்கும் நேரத்தைச் சுண்ணக்கட்டியால் ஒரு கறுப்புப் பலகையில் எழுதுவார்கள். எங்கள் ஆட்கள் ரோலர் சுற்றத் தொடங்கிய நேரத்தை எழுதிப் பழகியவர்கள். அவர்கள் ரோலரிலிருந்து கொழுந்தை இறக்கிய நேரத்தை எழுதிப் பழகியவர்கள். இரண்டு முறையும் தனித்தனியே பிழையில்லாதவை. ஒரே பலகையில் இரண்டும் ஏறியதும், எந்த டூல் (அரைத்த கொழுந்து) எவ்வளவு நேரம் கிடந்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. சில நாள் தூள் பச்சை வாடையோடு வந்தது. சில நாள் நிறம் கறுத்து, வாயில் பிடிப்பில்லாமல் போனது. நல்லதண்ணி உயரத்துத் தேயிலைக்கு அந்தப் பிடிப்புத்தான் விலை. கொழும்புத் தரகரின் அறிக்கை வந்ததும் டீமேக்கர் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். அதை எல்லோரும் வாசித்தார்கள். இரவு வேலையில் அவரவர் கை அவரவர் வழக்கப்படியே எழுதியது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் இரண்டு கிழவர்கள். எங்கள் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இருவரும் ரோலரில் தலை நரைத்தவர்கள். யாரிடமும் கேட்காமல் பலகையின் நடுவே ஒரு கோடு போட்டார்கள். ஏற்றிய நேரம் ஒரு பக்கம், இறக்கிய நேரம் மறுபக்கம். எவரும் தம் பழக்கத்தை விட வேண்டியதில்லை, ஆனால் இருவர் கணக்கும் எல்லோர் கண்ணிலும் பட்டது. சில மாதங்களில் இளைஞர்கள் ஏற்றிய நேரத்தை வைத்தே கணக்குப் பார்க்கப் பழகினார்கள். பிறகு ஒருநாள் பார்த்தபோது இறக்கிய நேரத்தின் பக்கம் வெறுமையாக இருந்தது. அழித்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை.

சைவ சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்று சொல்கிறார்கள். உயிரைப் பற்றிய மலம் ஒரே அடியில் உடைந்து விழுவதில்லை. பக்குவப்பட்டுப் பிடி தளர்ந்து, காலம் வந்ததும் விலகுகிறது. நிறுவனங்கள் இணைவதைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொன்ன ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. ஆணையிட்டவர்களுக்கு அவசரம் இருந்தது. கைகளுக்குப் பக்குவம் தேவைப்பட்டது.

ரோதமுனியின் கதையும் இதோடு சேர்ந்தது. மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்டோரின் சக்கரங்களைக் காக்கும் சாமி அவர். இயந்திரத்தில் கை போகாமல், பெல்ட் அறுந்து ஆளை அடிக்காமல் பார்த்துக்கொள்பவர். தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கொண்டுவந்த சாமிகளில் இவர் இல்லை. இந்த மலையில், இந்த வேலையில் பிறந்தவர். மூடிய ஸ்டோரிலிருந்து எங்கள் ஆட்கள் தங்கள் சூலத்தையும் கல்லையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு ரோதமுனி இருந்தார். அவருக்குக் கிடாய், எங்களவருக்குப் பொங்கல். எந்தச் சாமி இருப்பது என்று வாக்குவாதம் வந்து, வேலை நிற்கும் அளவுக்குப் போயிற்று. கடைசியில் இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நாளில் ஒரே பூசை என்று முடிவானது. தேங்காய் மட்டும் இன்றைக்கும் இரண்டு.

மெய்கண்டார் அத்துவிதத்துக்குச் சொன்ன பொருள் இதற்கு மிக நெருக்கம் என்றே நான் நம்புகிறேன். இரண்டு பொருள் பிரிக்க முடியாதபடி கூடி நிற்கும். ஆனால் ஒன்று மற்றொன்றாகக் கெட்டுப்போகாது. ஒன்றாக்குகிறோம் என்று சொல்லி ஒன்றை அழிப்பவர்கள் கூட்டுவதில்லை, விழுங்குகிறார்கள். எங்கள் தலைக்கு மேல் நிற்கிற மலையையே பாருங்கள். மார்கழி முதல் வைகாசி வரை நல்லதண்ணி வழியாக ஏறுகிறவர்களில் சிவனொளிபாதம் என்று ஏறுபவர் உண்டு, சிறிபாத என்று ஏறுபவர் உண்டு, பாவா ஆதம் மலை என்று ஏறுபவரும் உண்டு. எல்லோரும் ஏறுவது ஒரே படிக்கட்டு.

இனி வினைக்கு வருகிறேன். கம்பனிக் காலம் தொடங்கிச் சில வருடம் கழித்து ஒரு முதிய பெண் தொழிலாளி சேவைக்காலப் பணம் கேட்டு என்னிடம் வந்தார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வெள்ளைக்காரக் காலத்திலேயே பேர் பதிந்தவர் அவர். அலுமாரியிலிருந்து மூன்று காலத்துப் பதிவேடுகளையும் இறக்கினோம். முதல் பதிவேட்டில் அவர் பெயர் ஒரு விதமாக ஆங்கிலத்தில். அரசாங்கக் காலத்தில் அதே பெயர் சிங்கள எழுத்தில், ஓர் எழுத்துக் குறைவாக. கம்பனியின் பதிவேட்டில் தகப்பன் பெயர் மாறிக் கிடந்தது. அடையாள அட்டையில் நான்காவது ஒரு பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்காவிட்டால் கம்பனிக் காலம் மட்டும்தான் கணக்கு என்றது அலுவலகம். அந்த அம்மா பதிவேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, பேரு மாறிப் போச்சுன்னா செஞ்ச வேலையும் இல்லாமப் போயிருமா?”

வினை சடம் என்கிறது சித்தாந்தம். அறிவில்லாத பொருள். செய்தவனைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்துப் பலனைக் கொடுக்க அதற்குத் தெரியாது; அதனால்தான் அதைக் கூட்டிவைக்க இறைவன் வேண்டும் என்று வாதிடுகிறார்கள். எங்களோடு அலுவலகத்தில் இருந்த சிங்கள நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பௌத்தத்தில் இறைவனும் இல்லை, இங்கிருந்து அங்கே போகிற உயிர் என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் செய்த செயல் பலன் தராமல் நிற்பதில்லை என்றார் அவர். யோசித்துப் பார்த்தால் கம்பனிக்கு அவர் சொன்னதே பொருந்துகிறது. கம்பனிக்குள் உயிர் ஏது? பங்குதாரர் மாறுவார், துரை மாறுவார், பலகை மாறும். உயிர் இல்லை என்பதால் வினையும் இல்லை என்று சட்டம் தெரிந்தவர்கள் பேசலாம். இந்த மலையில் ஏறுகிற எந்தச் சமயமும் அவர்களுக்கு அந்த வழியைத் திறந்துவிடவில்லை.

சடமான வினையைக் கொண்டுசேர்க்க ஒருவர் வேண்டும் என்றால், தோட்டத்தில் அந்த வேலை பதிவேட்டுக்காரனுடையது. நாங்கள் பழைய கங்காணியின் மகனைக் கூப்பிட்டோம். பிள்ளைமடுவத்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்து) ஆயம்மாவின் பழைய புத்தகத்தைத் தேடினோம். அந்த அம்மாவின் பிள்ளைகள் பிறந்த தேதிகளை வைத்து, எந்தப் பதிவேட்டில் எந்த மாதம் அவர் வேலைக்கு வரவில்லை என்று ஒத்துப் பார்த்தோம். மூன்று பதிவேட்டிலும் வராத மாதங்கள் பிள்ளைகளின் பிறப்போடு பொருந்தின. அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. முழுக் காலத்துக்கும் பணம் வந்தது. அப்படி வராமல் போனவர்கள் பலர்.

நல்வினையும் இப்படித்தான் வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1984இல் மலையகம் வேலைநிறுத்தம் செய்து பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம சம்பளம் பெற்றது அரசாங்கக் காலத்தில். கம்பனி வந்தபோது அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. தீவினை மட்டும் ஏன் ஆள் இல்லாமல் கிடக்கிறது? காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க வந்ததை எதிர்த்து நின்றபோது, 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அந்தக் கணக்கு எந்த நிறுவனத்தின் பேரேட்டில் இருக்கிறது?

இது தேயிலைக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு இந்தியா போன என் சித்தப்பா மகன் சென்னை மீனம்பாக்கத்தில் விமானத்துக்குச் சாமான் ஏற்றும் வேலையில் இருந்தான். 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்டன. பல வருடம் கழித்து அவனைப் பார்த்தபோதும், கூட வேலை செய்பவரைப் பற்றிப் பேசினால் முதலில் “அவரு ஐ.சி., இவரு ஏ.ஐ.” என்றுதான் சொன்னான், பழைய இரண்டு நிறுவனங்களின் விமானக் குறியீடுகள் அவை. 2011இல் குறியீடு ஒன்றானது. 2012இல் புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற தகராறில் பழைய ஏர் இந்தியா விமானிகள் ஏறக்குறைய இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. எங்கள் ஸ்டோர்ப் பலகையில் நடந்ததுதான் அங்கே வானத்திலும் நடந்தது என்று அவனிடம் சொன்னேன்.

டாட்டா தொடங்கி, 1953இல் அரசாங்கம் எடுத்து, 2022 ஜனவரி 27 அன்று மறுபடி டாட்டாவிடம் போன நிறுவனம் ஏர் இந்தியா. விலை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி, பழைய கடனில் டாட்டா ஏற்றுக்கொண்ட பங்கு. மீதிக் கடன் 46,262 கோடியை அரசாங்கம் தனியே ஒரு கம்பனியில் வைத்துக்கொண்டது. வங்கிக்காரனின் கடனுக்கு இப்படி ஓர் உடம்பையே உண்டாக்கித் தருகிறார்கள், ஒரு ரூபாய்கூட ஆள் இல்லாமல் அலையவில்லை. கொழுந்து பறித்தவளின் கடனுக்கு மட்டும் மூன்று பதிவேடும் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். இதை நான் அநியாயம் என்கிறேன். வினை தொடரும் என்று நம்புகிற எவரும் வேறு பெயர் சொல்ல முடியாது.

இப்போதும் தோட்டங்கள் கைமாறுகின்றன. பங்குகள் விற்கப்படுகின்றன, ஸ்டோர்கள் மூடப்படுகின்றன, மலைகள் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் பழைய அலுமாரிதான் முதலில் வெளியே வருகிறது. தொழிற்சங்கக்காரர்களிடமும் கோயில் கமிட்டிக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: சம்பளத்துக்குப் பேசும் மேசையிலேயே பழைய பதிவேடுகளையும் வையுங்கள், அவற்றைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய சம்பளத் துண்டோ, பிள்ளைமடுவத்து அட்டையோ, ஈ.பி.எப். கடதாசியோ கிடந்தால், எழுத்து மங்கியிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.