பிள்ளை ஓர் அமானிதம்



நோயுற்ற பிள்ளையின் விஷயத்தில் பெற்றோர் ஒன்று சொல்லி, டாக்டர்கள் வேறொன்று சொன்னால் முடிவு செய்வது யார்? இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகின்றன. பிள்ளையின் நலனே அங்கு நீதிபதிக்கு முதன்மையானது. பெற்றோரின் விருப்பத்தை அவர் எடைபோட்டுப் பார்ப்பார். ஆனால் அதுவே தீர்ப்பாகி விடாது.

2017-ல் ஒரு வயது நிரம்பாத ஆண் குழந்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக பெற்றோர் விரும்பினர். அந்தச் சிகிச்சையால் பலனில்லை, மூச்சுக் கருவியில் வைத்திருப்பது குழந்தைக்கு வேதனையாகலாம் என்றனர் லண்டன் டாக்டர்கள். நீதிமன்றம் டாக்டர்கள் பக்கம் நின்றது.

2019-ல் ஐந்து வயது முஸ்லிம் சிறுமியின் வழக்கு வந்தது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு நினைவிழந்து கிடந்தாள். கருவியை நிறுத்தலாம் என்றனர் டாக்டர்கள். உயிர் அல்லாஹ் தந்தது, நிறுத்தச் சம்மதியோம் என்றனர் பெற்றோர். ஜெனோவா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை அவளை ஏற்கத் தயாராயிருந்தது. அவள் வேதனைப்படவில்லை என்பதையும், அவள் வளர்க்கப்பட்ட மார்க்க நம்பிக்கையையும் கருத்திற்கொண்டு, இத்தாலிக்குக் கொண்டுபோக நீதிபதி மெக்டொனால்ட் அந்த அக்டோபரில் அனுமதித்தார்.

இரண்டு தீர்ப்புகளும் இரண்டு விதம். கேள்வியோ ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு எது நல்லது?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. பிள்ளை நம் சொத்தன்று; அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தை அழிக்கவும் நமக்கு உரிமையில்லை; நம் மன ஆறுதலுக்காக அதை வதைக்கவும் உரிமையில்லை. நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். 'எல்லாம் நாட்டப்படி நடக்கும்' என்று சொல்லிப் பிள்ளைக்குச் சிகிச்சையை மறுப்பது தவக்குல் ஆகாது. உயிர் காக்க இரத்தம் ஏற்றுவதை, நிர்ப்பந்தம் என்ற முறையில், ஆலிம்கள் அனுமதித்திருக்கின்றனர். தங்கள் மதத்தைக் காட்டி இரத்தம் மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கில நீதிமன்றங்கள் இரத்தம் ஏற்ற உத்தரவிட்டு வந்துள்ளன. பிள்ளையின் உயிர் பெற்றோரின் கொள்கைக்குப் பலியாகலாகாது என்பதே காரணம்.

மறுபக்கமும் உண்டு. 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் இயக்கமெல்லாம் மீளாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் முடிவு செய்தால் கருவியை அகற்றலாம் என்று தீர்மானித்தது. அந்தச் சிறுமியோ அந்நிலையில் இல்லை. ஆகவே 'கருவி' என்றவுடன் ஹலால், ஹராம் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. பிள்ளையின் நிலை என்னவென்று டாக்டரிடம் கேட்போம். அந்நிலைக்குரிய சட்டம் என்னவென்று ஆலிமிடம் கேட்போம்.

அதன்பின் நம் உள்ளத்திடமும் ஒன்று கேட்போம்: நாம் போராடுவது பிள்ளைக்காகவா, பிரிவைத் தாங்கமாட்டாத நமக்காகவா? துனியாவின் நீதிமன்றத்தில் வென்றாலும் தோற்றாலும், அமானிதத்தைப் பற்றிய கணக்கை நாளை மஹ்ஷரில் நாம் ஒப்படைத்தே ஆகவேண்டும்.

பிள்ளைகளின் நோயால் வாடும் பெற்றோர்களுக்கு வல்ல நாயன் தெளிவையும் ஸபூரையும் தந்தருள்வானாக! ஆமீன்.