வெள்ளத்தில் இறங்கியவனுக்கு விண்ணப்பத்தைக் கண்டு பயமா?

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறி முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தது. ஊரே மொட்டைமாடிக்கு ஓடியபோது தண்ணீருக்குள் இறங்கியது யார்? 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் இறங்கியது யார்? தீயணைப்பு வீரனே, 108 வண்டியின் பைலட்டே, நீதான்! அந்த நீயா, காலேஜ் என்றதும் 'நமக்கெல்லாம் இனிமே எதுக்குண்ணே' என்று தலையைச் சொறிகிறாய்?

பத்தாம் வகுப்பு முடித்தால் தீயணைப்பு வீரர் ஆகலாம். நிலைய அலுவலர் நேரடித் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். 2023-ல் அந்தப் பதவிக்கு 129 இடங்களை அறிவித்தார்கள். புகைக்குள் தவழ்ந்து ஆளை இழுத்து வந்த அனுபவம் உன்னிடம் இருக்கிறது. பட்டம் மட்டும்தான் இல்லை. போய் வாங்கு!

பணமா? அமெரிக்காவின் டெக்சாஸில் தீயணைப்பு வீரர் அரசுக் கல்லூரியில் தீயணைப்பு அறிவியல் படித்தால் கல்விக் கட்டணம் கிடையாது, சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கும் வேண்டும் என்று கேள். குனிந்து கேட்காதே, இந்த ஊர் உனக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அரசாணை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே. நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லைதான். பகல் வகுப்பு உன் ஷிப்டுக்கு ஒத்துவராது. பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் இருப்பவனுக்கு அஞ்சல்வழிதான் சரி. அதற்கென்றே 2002-லிருந்து தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜூலையில் தவறவிட்டால் ஜனவரியில் சேரலாம்.

ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கும் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. 2009-ஆம் ஆண்டு அரசாணை 107 அதைத்தான் சொல்கிறது. குறுக்குவழி காட்டும் ஏஜெண்டை வாசலிலேயே துரத்து. பிளஸ் டூ இல்லையா? தனித்தேர்வராக எழுது! முப்பது வயதில் பள்ளிப் பையன்களோடு உட்காருவதா என்று கூசுகிறாயா? எரிகிற குடிசைக்குள் நுழையும்போது வராத கூச்சம் இங்கே மட்டும் எதற்கு?

அரசு ஊழியர் என்றால் முதலில் துறையில் முன்அனுமதி வாங்கு. அதற்கான மனுவை இன்றே எழுது. பிறகு அடுத்த வார ஓய்வு நாளில், மதிப்பெண் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறு. பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில்தான் இருக்கிறது.