பார்வையும் ரேகையும்

சில வருஷங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்து இரவில், உசிலம்பட்டியில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கி ஒன்றைச் சனிக் கிரகத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்த பக்கத்து வீட்டு அப்பத்தா, "என்னய்யா பாக்குறீக?" என்று கேட்டார். சனி என்றதும் இரண்டடி பின்வாங்கினார். "அது நம்மளப் பாத்துறக் கூடாதுன்னுதான எள்ளு வெளக்குப் போடுறோம். அதப் போயி நாம பாக்கவா?" நண்பர் விடவில்லை. கடைசியில் குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் கேட்டார்: "நாம பாக்குறது அதுக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது என்றார் நண்பர்.

"அப்பச் சரி" என்று துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த 'அப்பச் சரி' என்னை இத்தனை நாள் விடவில்லை. நமது கிரக சாஸ்திரத்தில் பார்வை என்பது சாதாரண வார்த்தை அல்ல. பார்ப்பது ஒரு செயல். அது விழுந்த இடத்தில் விளைவு உண்டு. சனி பார்க்கிறது, நாம் பார்க்கப்படுகிறோம். தொலைநோக்கி இந்த உறவைத் தலைகீழாக்கிவிட்டது என்பதில் நவீன மனம் கொள்ளும் பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் பார்ப்பது குற்றமற்றதா என்று அந்தக் கிழவிக்கு எழுந்த சந்தேகம் நமக்கு எழுவதில்லை. பார்க்கப்படுவதற்குத் தெரியாதென்றால் பார்க்கலாம் என்பது அவர் கண்ட விடை. அது போதுமான விடைதானா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வானத்தைப் பார்ப்பது பற்றி நம்மிடையே இரண்டு அபிப்ராயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. தரையில் இத்தனை துன்பம் இருக்க வானத்தை அண்ணாந்து பார்ப்பது வசதியுள்ளவனின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. பிரபஞ்சத்தின் முன் ஏற்படும் வியப்பு பரிசுத்தமானது, நன்மை தீமைக்கு அப்பாற்பட்டது என்பது மற்றது. இரண்டுமே யோசிக்கிற சிரமத்திலிருந்து நம்மை விடுவிக்கிற அபிப்ராயங்கள். உசிலம்பட்டியில் நின்றுகொண்டு இவற்றைச் சொல்வது கஷ்டம். ஏனென்றால் இந்த ஊருக்கு மேலே உள்ள மலையிலும் இந்த ஊர் இருக்கும் சமவெளியிலும், ஒரே அரசாங்கம், ஒரே காலத்தில், இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறது.

வடமேற்கே, நேர்க்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள், கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1899-ல் தொடங்கியது. அதன் பிறப்புக்குப் பின்னால் பஞ்சம் இருந்தது. 1876-78-ல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் சூரியனைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்த்தது. வானத்தைப் பார்ப்பதற்கும் வயிற்றுக்கும் தொடர்பில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற எளிய நம்பிக்கை கைகூடவில்லை என்பது வேறு விஷயம்.

1907-ல் ஜான் எவர்ஷெட் அங்கே வேலைக்கு வந்தார். 1909 ஜனவரியில் அவர் சூரியக் கரும்புள்ளிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் எடுத்தார். நிறமாலையின் குறுக்கே மெல்லிய கறுப்பு ரேகைகள் ஓடும். ஒளியைத் தரும் வாயு நம்மை விட்டு விலகினால் ரேகை சிவப்புப் பக்கம் நகரும். நம்மை நோக்கி வந்தால் ஊதாப் பக்கம். இந்த நகர்வு மிகச் சிறியது. ஆனால் அதை அளந்தால் வாயுவின் ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். அதற்கு முந்தின வருஷம்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் கரும்புள்ளிகளில் காந்தப் புலம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். ஆகவே கரும்புள்ளி என்பது ஒரு சுழல், வாயு அதில் நீர்ச்சுழி போலச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. எவர்ஷெட் தேடியதும் சுழற்சியைத்தான். ரேகைகள் காட்டியது வேறு. வாயு சுற்றவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து நாலாபக்கமும் வெளியே ஓடியது, வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில். தான் எதிர்பார்த்ததை ஒதுக்கிவைத்துவிட்டு ரேகை சொன்னதை அவர் எழுதினார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

இனி சமவெளி. 1871-ல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தி எழுதப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில வருஷங்களுக்குள் உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள பிரமலைக் கள்ளர் கிராமங்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டன. ஒருவன் என்ன செய்தான் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. எங்கே பிறந்தான் என்று கேட்டது. பெயரைப் பதிவேட்டில் எழுதி விரல் ரேகையை வாங்கிக்கொண்டது. இரவு நேரங்களில் அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர் என்பது ஊரின் நினைவு. அவர்களில் ஒருத்தி பெண், மாயக்காள்; அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊர் சொல்கிறது. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது.

மலையில் சூரியனின் ரேகை. கீழே மனிதனின் ரேகை. இரண்டும் பத்திரமாகப் பதிவாகின. இந்த ஒற்றுமையைக் கண்டவுடன் ஒரு முடிவுக்குத் தாவத் தோன்றும். இரண்டும் ஒரே ஏகாதிபத்தியத்தின் ஒரே பார்வைதான். எட்ட நின்று அளப்பதே ஆதிக்கம். விஞ்ஞானமும் போலீஸும் அண்ணன் தம்பி. இப்படி எழுதுவது இன்று சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இது உண்மையல்ல என்று நினைக்கிறேன். ஒரே கஜானாவிலிருந்து சம்பளம் வந்தது என்பதால் இரண்டு செயல்களும் ஒன்றாகிவிடாது. அதேசமயம், ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை என்று மலைமேல் ஏறி நின்றுகொள்வதும் நேர்மையல்ல. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

அப்பத்தாவின் விடை இங்கே உதவும்போல் தெரியும். சூரியனுக்குத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். ஆகவே முதலாவது சரி, இரண்டாவது தப்பு. ஆனால் மனிதனைப் பார்ப்பதெல்லாம் தப்பா? வைத்தியன் பார்க்கிறான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கப்படுவதே கொடுமை என்றால் யாராலும் பார்க்கப்படாமல் போவது அதைவிடக் கொடுமை. ஆகவே வித்தியாசம் பார்க்கப்படும் பொருளில் மட்டும் இல்லை, பார்க்கிறவனிடத்திலும் இருக்கிறது.

எவர்ஷெட் சூரியனிடம் ஒரு எதிர்பார்ப்போடு போனார். சூரியன் அதை மறுத்தது. அவர் மறுக்க விட்டார். விஞ்ஞானப் பார்வையின் தார்மீகம் முழுவதும், என் அபிப்ராயத்தில், இந்த 'மறுக்க விட்டதில்' இருக்கிறது. தொண்ணூற்று மூன்று லட்சம் அல்ல, பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஓர் அசேதனப் பொருளுக்கு, நீ நினைத்தது தவறு என்று தன்னிடம் சொல்லும் உரிமையை ஒரு மனிதன் கொடுக்கிறான். கைரேகைப் பதிவேட்டில் இந்த உரிமை யாருக்கும் இல்லை. அங்கே முடிவு முதலில் எழுதப்பட்டது, பார்வை பிறகு வந்தது. முப்பது வருஷம் ஒருவன் எந்தக் குற்றமும் செய்யாமல் வாழ்ந்தாலும் அது காவலின் வெற்றியாகக் கணக்கில் சேருமே தவிர, அவனைப் பற்றிய முடிவைத் திருத்தாது. அவன் வாழ்க்கையில் எதுவும் அந்த ஏட்டை மறுக்க முடியாது. அது பார்வையே அல்ல. பார்க்க மறுப்பதற்கு ஒரு இலாகா வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு ஏடுகளின் கதியும் வேறாயிற்று. 1904 முதல் கொடைக்கானலில் எடுத்துவரும் சூரியப் படங்கள் இன்றும் பயன்படுகின்றன. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியனின் சுழற்சியை நூறாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து காட்டுகிற சேகரிப்பு உலகத்தில் மிகச் சிலவே. மற்ற ஏட்டை மூட வேண்டியிருந்தது. அதை மூடுவதற்கும் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எவர்ஷெட் தனியாகப் பார்க்கவில்லை. அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு 1917-ல் கொடைக்கானலிலிருந்தே வெளியாயிற்று. தாந்தேயையும் பழைய வானியலாளர்களையும் பற்றி மேரி தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். இருவர் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கும்போது, அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் அளப்பதில்லை. 'எனக்கு இப்படித் தெரிகிறது, உனக்கு?' என்ற கேள்வி அங்கே இயல்பாக எழும். காவலில் எதிரெதிரே நிற்கிறார்கள். 'உனக்கு எப்படித் தெரிகிறது?' என்று ரேகை எடுத்தவன் ரேகை வைத்தவனைக் கேட்டிருக்க முடியாது. வியப்பு பகிரப்படுவதால் இரட்டிப்பாகிறது என்று சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பகிரும்போது அது திருத்தப்படுகிறது.

இந்த இடத்தில் நண்பரின் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நண்பருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் தாத்தா அந்தச் சட்டத்தில் ரேகை வைத்தவர். வாலிப வயதில் பல இரவுகள், வீட்டில் அல்லாமல், ஆஜர் கொடுத்த இடத்தின் வெளியே திறந்த வெளியில் படுத்துக் கிடந்தவர். எந்த ஜாமத்தில் ஆறாமீன் கூட்டம் உச்சிக்கு வரும், எப்போது விடிவெள்ளி எழும் என்பதெல்லாம் அவருக்கு அங்கேதான் படிந்தது. பிற்பாடு பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் காட்டியிருக்கிறார். என் நண்பரின் வானப் பித்து அங்கிருந்து வந்தது. ஆறாமீனின் வெளிச்சம் நம்மிடம் வந்துசேரச் சுமார் 440 வருஷம் ஆகிறது. மதுரையை நாயக்கர்கள் ஆண்ட நாளில் புறப்பட்டதை நாம் இப்போது பார்க்கிறோம் என்று படித்தபோது, தாத்தாவிடம் சொல்ல முடியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டாராம்.

இந்தக் கதையை அழகாக்கிவிடுவது பாபம். சிறையில் பூ மலர்ந்தது என்று எழுதினால் சிறைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். அந்த மனிதர் வீட்டில் படுத்திருந்தாலும் நட்சத்திரத்தைப் பார்த்திருப்பார். ஆனால் இந்தக் கதை ஒன்றை மறுக்கிறது. வானத்தை வியப்பது வசதியுள்ளவனின் பொழுதுபோக்கு என்ற வாதத்தை, வசதி என்றால் என்னவென்றே அறியாத ஒருவர், எந்த வாதமும் செய்யாமல், மறுத்துவிட்டார்.

இது பழங்கதை மட்டும் அல்ல. உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் சாலையில் மேலும் போனால் போடிக்கு அருகே பொட்டிப்புரம் வரும். அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2015-ல் ஒப்புதல் தந்தது. கிராமங்களில் எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் நடந்தன. 2022-ல், புலிகள் நடமாடும் மலைத்தொடர் என்பதால் அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. நியூட்ரினோக்கள் ஒவ்வொரு வினாடியும் கோடானுகோடியாக நம் உடம்புக்குள் புகுந்து போய்க்கொண்டிருக்கின்றன, அவற்றால் தீங்கில்லை என்று விஞ்ஞானிகள் சொன்னது சரிதான். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை உலகில் முதலில் கண்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்த மரபு பெருமைக்குரியதுதான். ஆனால் பொட்டிப்புரத்துக்காரன் கேட்டது துகளைப் பற்றி மட்டும் அல்ல. தன் மலையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்டான். அவனுடைய பயத்தில் பாதி தவறான தகவலாக இருக்கலாம். அதைத் திருத்துவதற்கு அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும், தொடக்கத்திலேயே. இயற்கை தன்னை மறுக்கலாம் என்று மனமார ஒப்புக்கொள்ளும் விஞ்ஞானி, பக்கத்து ஊர்க்காரன் மறுத்தால் அறியாமை என்று மட்டும் எடுத்துக்கொண்டால், அவன் பார்வையின் தார்மீகம் பாதியில் நின்றுவிடுகிறது. மறுப்பவன் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கேட்கப்படும் உரிமை சூரியனின் கரும்புள்ளிக்கு உண்டென்றால் மனிதனுக்கு உண்டா இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

அப்பத்தாவிடம் திரும்புகிறேன். அன்று நண்பர் அவரைக் குனியச் சொன்னபோது, வளையம் தெரியும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாதது நல்லதாயிற்று. பார்த்தவுடன் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "தண்டட்டி போட்டிருக்கு." காது வளர்த்த கிழவி சனியைக் காது வளர்த்ததாகக் கண்டார். 1610-ல் கலீலியோவும் வளையத்தைக் காணவில்லை. கிரகத்தின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு உருண்டைகள் என்று நினைத்தார். இரண்டு வருஷத்தில் அவை மறைந்துபோகவே திகைத்து, தனக்கு விளங்கவில்லை என்று எழுதினார். அது வளையம்தான் என்று ஹைகன்ஸ் சொல்ல ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது.

நண்பர் அப்பத்தாவைத் திருத்தவில்லை. மறுபடி தானே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். வளையம் என்று தெரிந்த பிறகும், அன்றைக்கு எனக்கும் அது தண்டட்டியாகத்தான் தெரிந்தது.