அந்நியனுடைய மனசு உனக்குத் தெரியுமே!



இந்த மாதம் உபவாசத்தைக் குறித்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆவியானவர் விடவில்லை. சமவெளியில் முகாமில் இருக்கிற என் சித்தப்பா மகளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஒரே பாரம். நாற்பது வருஷமாக நான் யாரிடமும் சாட்சியாகச் சொல்லாத ஒரு காரியம் இருக்கிறது. நம் சபையார் அநேகர் வீட்டைக் குறித்துக் கலங்கி நிற்கிற இந்த நாட்களில் அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று கர்த்தர் உணர்த்தினார்.

யாத்திராகமம் 23-ம் அதிகாரம் 9-ம் வசனத்தை வீட்டில் எடுத்து நிதானமாக வாசியுங்கள். அந்நியனை ஒடுக்காதே என்று கர்த்தர் கட்டளை கொடுக்கிறார். கட்டளையோடு விடாமல் காரணத்தையும் சொல்லுகிறார். அந்நியனுடைய மனசு எப்படியிருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே, நீயும் எகிப்திலே அப்படி இருந்தவன்தானே என்கிறார். தெரியாதவன் செய்தால் அது அறியாமை. தெரிந்தவன் செய்தால் அதற்கு என்ன பேர்? அதைத்தான் நான் செய்தேன்.

நம் சபையில் பாதிக்கு மேல் கப்பலேறி வந்த குடும்பங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை தெரியாது, அதனால் சொல்லுகிறேன். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தேயிலை மலையில் கொழுந்து பறித்த நம் ஜனங்களில் ஏறக்குறைய எல்லாருமே நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் எழுதினார்கள். அப்போது கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுக்கிடையைப் பங்கு பிரிப்பதுபோல! யாரும் ஆட்டைக் கேட்கவில்லை.

1973-ல் எனக்குப் பதினோரு வயசு. தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பல், இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம். அங்கே எங்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் இந்த மலை. நம்மைப்போல வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் அரசாங்கம் காட்டைத் திருத்திப் போட்ட தேயிலைத் தோட்டங்கள், இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அவைதான். கூடலூர் கடைவீதியில் எங்களைச் ‘சிலோன்காரன்’ என்பார்கள். அங்கே ‘இந்தியாக்காரன்’, இங்கே ‘சிலோன்காரன்’. பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். வாய் திறக்கவே பயப்படுவேன். ஆகவே அந்நியனுடைய மனசு எனக்குப் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல.

என் சித்தப்பா எங்களோடு வரவில்லை. அவர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாங்கள். விண்ணப்பத் தாள் வேறு வேறானதால் ஒரு பாதி கப்பலேறியது, மறு பாதி லயத்திலேயே நின்றது. அவருக்கு அந்தக் குடியுரிமையும் கைக்கு வரவில்லை. 1977 ஆகஸ்டில் கலவரம் வந்தது. தோட்டத்து லயங்களையும் அடித்தார்கள். சித்தி கைக்குழந்தையோடு தேயிலைச் செடிக்குள் இரவெல்லாம் ஒளிந்திருந்தாளாம். பிறகு வடக்கே வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே காந்தியம் என்று ஒரு இயக்கம் இருந்தது. டாக்டர் இராஜசுந்தரம் என்கிற வைத்தியரும், எஸ்.ஏ. டேவிட் என்கிற கட்டடக் கலைஞரும் தொடங்கியது. டேவிட் ஐயா வெளிநாடுகளில் நல்ல சம்பளம் வாங்கியவர், கலியாணம் செய்துகொள்ளாதவர். மலையிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை வன்னிக் காட்டுப்புறங்களில் குடியேற்றினார்கள். கிணறு, விதை, பாலர் பள்ளி, பிள்ளைகளுக்குப் பால், வைத்தியம் எல்லாவற்றுக்கும் வழி செய்தார்கள். சித்தப்பா அந்நாளில் எழுதிய கடிதம் ஒன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. “அண்ணே, இங்க பேப்பர் கேட்கல, சாதி கேட்கல. மண்வெட்டி பிடிக்கத் தெரியுமான்னு மட்டும்தான் கேட்டாங்க. ஒரு துண்டு காணி குடுத்திருக்காங்க. கச்சான் போட்டிருக்கோம்” என்று எழுதியிருந்தார். வேர்க்கடலையைத்தான் அங்கே கச்சான் என்பார்கள். நிலத்தைக் காணி என்பார்கள். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வரும்.

1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்துப் போனார்கள். அந்த ஜூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 27-ந் தேதி, அடிக்க வந்தவர்களிடம் பேசிப் பார்க்கலாம் என்று முன்னே போன டாக்டர் இராஜசுந்தரமும் விழுந்தார். டேவிட் ஐயா உயிர் தப்பினார். பிற்பாடு தமிழ்நாட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தாமும் ஒரு அகதியாகவே வாழ்ந்து, 2015-ல் கிளிநொச்சிக்குத் திரும்பி அங்கேயே கண்ணை மூடினார். எங்கள் மேடைகளில் பரிசுத்தவான்கள் என்று எத்தனையோ பேரைச் சொல்லுகிறோம். இவர்களை நான் ஒரு தரமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

காந்தியம் முடக்கப்பட்டது. 1984-ல் அந்தக் குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து ஜனங்களை விரட்டினார்கள். சித்தப்பா குடும்பம் அந்த வருஷக் கடைசியில் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்தது. அதே மண்டபம் முகாம். ஆனால் நாங்கள் ‘தாயகம் திரும்பியோர்’, அவர்கள் ‘அகதி’. ஒரே தாத்தா!

1985 ஜூலை. தேவாலாப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், நான் விவரிக்க வேண்டாம். சாயந்திரம் சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள் நாடுகாணி ஜங்ஷனில் இறங்கி, கேட்டுக் கேட்டு எங்கள் லைனுக்கு வந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அண்ணனைப் பார்க்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணே, உங்க ஊரு பேரைப் பாத்தீங்களா? நாடும் இருக்கு, காணியும் இருக்கு. நமக்குத்தான் ரெண்டும் இல்ல.”

அம்மா டீ போட்டாள். குடித்து முடித்ததும் சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். முகாமுக்குத் திரும்பப் போக மனசில்லை, இங்கேயே ஏதாவது கூலி வேலை பார்த்துக்கொள்ளலாம், கொஞ்ச நாள் இடம் கொடுத்தால் போதும் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் படித்தவன் நான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயசு. இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, கூட்டங்களில் சாட்சி சொல்லி, ஜனங்கள் அல்லேலூயா சொல்லக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம். நான் சொன்னேன்: “பதிவு இல்லாத ஆளை வச்சிருந்தா நம்ம வீடு போயிரும் சித்தப்பா. போலீஸ் விசாரணை வரும். நீங்க முகாமுக்கே போயிருங்க.”

சகோதரரே, அப்படி யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. தோட்டத்திலும் சொல்லவில்லை, போலீசும் சொல்லவில்லை. நானாகவே பயந்தேன், அந்தப் பயத்துக்கு ஒரு சட்டத்தின் பேரையும் வைத்தேன். ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள் என்றுகூட என் வாயில் வரவில்லை. அம்மா அடுப்படியில் அழுதாள். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தார். சித்தி பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டை மடித்துத் திரும்பக் கொடுத்தாள். ஜங்ஷனுக்கு அவர்கள் போய்ச் சேரும்போது கடைசி பஸ் போய்விட்டது என்பது எனக்கும் தெரியும்.

காலையில்தான் கேள்விப்பட்டோம். வழியில் நனைந்துகொண்டு நின்றவர்களை ஒரு பணியர் கிழவர் தம்முடைய காலனிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். குடிசையில் ஒரே அறை. தீ மூட்டி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தம் ஜனங்களைத் திண்ணையில் படுக்க வைத்து, இவர்களை உள்ளே படுக்க வைத்திருக்கிறார். அவர் பேசியது இவர்களுக்குப் பாதி புரியவில்லை. இரண்டு நாள் தங்கினார்கள். மூன்றாம் நாள் ஆளெடுப்புக்குப் பயந்து மண்டபத்துக்கே திரும்பிவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பணியர் யார் தெரியுமா? நாம் வருவதற்கு முன்னே, தோட்டங்கள் வருவதற்கு முன்னே இங்கே இருந்தவர்கள். பரம்பரை பரம்பரையாக நிலக்காரர்களுக்கு அடிமை வேலை செய்த ஜனம். நமக்கு வேலை கொடுப்பதற்காகத் திருத்தினார்களே, அந்தக் காட்டையும் நம்பித்தான் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இந்தத் தாலுகாவில் பிழைத்தார்கள். நமக்குக் கானான் கிடைத்தது என்று ஸ்தோத்திரப் பலி செலுத்தினோம். அந்தக் கானானில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் நாம் பேசினதில்லை. அவர்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கட்டி, 1988-ல் கூடலூரில் ஆயிரக்கணக்கில் நிலம் கேட்டு ஊர்வலம் போனபோது, “இவங்களுக்கு என்ன வந்தது?” என்று கேட்டவர்களில் நம் ஆட்களும் உண்டு. கடைவீதியில் நம்மைப் பார்த்துச் சிரித்ததை மறந்து, நாம் அவர்களைப் பார்த்துச் சிரித்தோம்.

லூக்கா 10-ல் வருகிற சமாரியனைப் பற்றி எத்தனையோ தரம் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் நாக்கு தடுமாறும். அந்தக் கதையில் நான் யார் என்று எனக்குத் தெரியும்.

சித்தப்பா முகாமிலேயே காலமானார். அன்றைக்குத் தலை நனைந்து வந்த சின்னப் பிள்ளைதான் இன்றைக்கு முகாமில் இருக்கிற என் தங்கச்சி. அவளை மாலை வகுப்பில் உட்கார வைத்துப் படிக்க வைத்தவர்களும் அகதிகள்தான். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-ல் சந்திரஹாசன் ஐயாவால் தொடங்கப்பட்டது. அவர் தகப்பனார் செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். மலையகத்தாரின் குடியுரிமையைப் பறித்த அந்த 1948 சட்டத்தை எதிர்த்துப் பேசி, தன் கட்சித் தலைவரையே விட்டுப் பிரிந்தவர். யாழ்ப்பாணத்து வக்கீலுக்குத் தோட்டத்துக் கூலியால் என்ன லாபம்? ஒன்றுமில்லை. நஷ்டத்துக்கு நியாயம் பேசுகிறவர்களைக் கர்த்தர் அவ்வப்போது எழுப்புகிறார்.

2021-ல் அகதி முகாம்களின் பேரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று தமிழ்நாடு அரசு மாற்றியது. நல்ல காரியம். ஆனாலும் தங்கச்சியின் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்தும் இந்தியர் அல்ல. 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தால் தாயோ தகப்பனோ இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்து ஆள்!

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். 1985-ஐச் சொல்லி, முழுவதையும் சொல்லி, அழுதே கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எங்கள் வீடு அவளுக்கு ஞாபகம் இல்லை. என் முகமும் ஞாபகம் இல்லை. “கஞ்சி குடுத்தாரே ஒரு தாத்தா, அவர் இருக்காரா அண்ணே?” என்றாள்.

அவர் இல்லை. இறந்து வெகுநாள் ஆகிறது. அவர் பேத்தி ஒருத்தி நம் சபைக்கு வருகிறாள். எங்கே உட்காருகிறாள் என்று உங்களுக்கே தெரியும். கதவோரம், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். முன்னே வா என்று நானும் கூப்பிட்டதில்லை.

2022-ல் டான்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று அரசு முடிவு செய்ததிலிருந்து, ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் நம் கண்ணீர் ஒன்றுதான். ஓய்வு பெற்றால் லைன் வீட்டை விட்டு எங்கே போவது, ஆண்டவரே? நியாயமான ஜெபம். நானும் உங்களோடுதான் அழுகிறேன். என் பயமும் அதே பயம்தான், 1985-ல் வாசலில் நின்றுகொண்டு சித்தப்பாவை அனுப்பி வைத்த அதே பயம். அதனால்தான் இந்த மாதம் அந்த ஜெபத்தை நம் ஆலயத்தில் வைக்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பணியர் காலனியில் கூடுகிறோம். மூப்பர்களிடம் நானே போய்க் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். பேத்தி முன்னே உட்காருவாள், ஜெபத்தையும் அவள்தான் தொடங்குவாள், அவள் பாஷையில். உபவாசம் முடிந்தவுடன் கஞ்சி காய்ச்சித் தருவதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வாருங்கள். மழை இருக்கும், குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்,
நாடுகாணி