ஹாடோ துறையிலிருந்து

அந்தமானில், மின்னி பேயில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். அவருடைய மகன் பத்தொன்பது வயதில் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். அதுதான் ஆரம்பம். அப்புறம் ராத்தூக்கம் போயிற்று. ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டினான். அம்மா சமைத்ததைத் தொடாமல், கடையில் வாங்கி, தானே பிரித்த பிஸ்கட்டை மட்டும் தின்றான். வெளியே எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். குவார்ட்டர்ஸில் யார்தான் யாரைப் பற்றிப் பேசவில்லை? அதனால் அக்காவும் பாதி நம்பினார்.

பரீட்சைப் பயம் என்றார்கள். ஒரு டாக்டரிடம் காட்டினார். சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் கிடைத்தன. நரம்புத் தளர்ச்சி என்றார் இன்னொருவர். காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வெற்றிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். இடம் மாறினால் சரியாகும் என்று மெயின்லேண்டில் தாய்மாமன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு கால்கட்டுப் போட்டால் தெளிந்துவிடுவான் என்று பெண் பார்க்கவும் ஆள் இருந்தது. அதை மட்டும் அக்கா மறுத்துவிட்டார். மனநல மருத்துவர் முன்னால் அவன் போய் உட்கார்ந்தபோது பதினான்கு மாதம் ஓடியிருந்தது.

“ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?” என்று அங்கே கேட்டார்களாம். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டு அக்கா என்னைக் கேட்டார்: “நான் ஒரு நாளாவது சும்மா இருந்தேனா தம்பி?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முதல் அறிகுறிக்கும் முதல் சரியான மருந்துக்கும் நடுவே ஓடும் காலத்தைச் சிகிச்சை பெறாத காலம் என்று மருத்துவம் அளக்கிறது. அது நீள நீள, மீட்சி கடினமாகிறது என்று நாடு நாடாகச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அவனுக்கு வந்திருந்தது சைக்கோசிஸ், உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிய முடியாமல் போகும் நோய். பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலும் இருபதுகளிலும் வருவது. படிப்பு, வேலை, நட்பு, காதல் எல்லாம் உருவாகிற வயது. நோய் தணிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், கூடப் படித்தவர்கள் எங்கோ போயிருப்பார்கள். மருத்துவக் கணக்கில் அது வெறுமையாகக் கிடந்த காலம். அக்காவின் கணக்கில் அவர் ஓடாத நாளே கிடையாது. இரண்டு கணக்கும் சரியாக இருப்பதுதான் கொடுமை.

இந்த ஊருக்கு இதில் பழைய கதை ஒன்று உண்டு. அலிப்பூர் குண்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட உல்லாஸ்கர் தத் 1909-இல் செல்லுலார் சிறைக்கு வந்தார். 1912-இல், வேலை செய்ய மறுத்ததற்காக அவரை நின்றபடியே கைவிலங்கில் பிணைத்தார்கள். உடம்பெல்லாம் காய்ச்சல் கொதிக்க, இல்லாத உருவங்களைக் கண்டார், இல்லாத குரல்களைக் கேட்டார். மலேரியாதான் காரணம் என்றது நிர்வாகம். பிறகு அவரை ஹாடோவில் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து 1913-இல் சென்னை மனநோய் இல்லத்துக்கு. 1920-இல் விடுதலையாகி, 1965 வரை வாழ்ந்தார். இன்று மெயின்லேண்டுக்குக் கப்பல் கிளம்புவதும் அதே ஹாடோவின் துறையிலிருந்துதான். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா ஏறியதும் அங்கேதான். அவருக்கு உல்லாஸ்கர் தத்தைத் தெரியாது.

அந்தச் சென்னை இல்லம்தான் பின்னாளில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஆனது. அதற்குத் தலைமை ஏற்றிருந்த டாக்டர் சாரதா மேனன், 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஊருக்குள் வாழ்ந்துகொண்டு ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாத மனச்சிதைவு நோயாளிகளை அங்குள்ள ஆய்வாளர்கள் சென்னையிலேயே தேடிக் கண்டார்கள். 1998-இல் அந்த ஆய்வு வெளியானது. சிகிச்சைக்கு வராதவர்களில் கூட்டுக் குடும்பத்தார் கூடுதலாக இருந்தார்கள். நாதியற்றவர்கள்தான் விடுபடுவார்கள் என்று நினைத்திருந்த எனக்கு இது உறைத்தது. ஒருவர் சோறு வைக்க, ஒருவர் குளிப்பாட்ட, ஒருவர் கோபத்தைத் தாங்கிக்கொள்ள, வீடே நோயைச் சுமந்துவிடுகிறது. சுமந்துகொண்டே இருப்பதால் இறக்கி வைக்கத் தோன்றுவதில்லை.

ஆனால் அதே குடும்பம்தான் நம் பெரிய பலமும். சென்னை ஸ்கார்ஃபும் கனடாவின் மான்ட்ரியால் மையமும் முதன்முறை சைக்கோசிஸ் வந்தவர்களை ஒரே முறையில் இரண்டு ஆண்டுகள் கவனித்து ஒப்பிட்டன. சிகிச்சையில் குடும்பம் கூடவே நின்றது சென்னையில்தான் அதிகம். கோயிலையும் தர்காவையும் நான் பழிக்க மாட்டேன். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகளுக்கு அந்த அமைதியான, அன்பான சூழலிலேயே அறிகுறிகள் ஓரளவு குறைந்ததைப் பதிவு செய்தது. நான் மன்னிக்காதது சங்கிலியை. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியின் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டதும் பெரும்பாலும் வேறு வழி தெரியாத வீட்டார்தான்.

அப்படியானால் பிசகு எங்கே? எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. பல் வலித்தால் வலிக்கிறவனே டாக்டரைத் தேடுவான். சைக்கோசிஸ் முதலில் எடுத்துக்கொள்வதே, தனக்கு நோய் என்கிற அந்த அறிவைத்தான். அக்காவின் மகனுக்குத் தான் நோயாளி அல்ல, வேட்டையாடப்படுகிறவன். அவனாக வந்து சீட்டு வாங்கட்டும் என்று ஆஸ்பத்திரி வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நடக்க முடியாதவனுக்கு மாடியில் வைத்தியம் பார்ப்பதுபோல்தான் இது. துறைமுகம் இருந்த இடத்திலேயே இருக்கலாம். படகு போயாக வேண்டும். தீவில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நார்வேயின் ரோகலாண்ட் பகுதியில் 1997 முதல், பத்திரிகை, வானொலி, திரையரங்கு, பள்ளிக்கூடம் என்று எல்லா வழியிலும் அறிகுறிகளைச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். ஒரு குழு உடனே போய்ச் சந்திக்கும். ஒப்பிட்டுப் பார்த்த மற்ற பகுதிகளில் பாதிப் பேருக்குப் பதினாறு வாரத்துக்கு மேல் தாமதமானபோது, அங்கே அந்த நடுக்கணக்கு ஐந்து வாரமாக இறங்கியது. பிறகு பிரசாரத்தை நிறுத்தினார்கள். குழு அப்படியே இருந்தும், தாமதம் பதினைந்து வாரத்துக்கு ஏறிவிட்டது. ஒருமுறை சொல்லிவிட்டோம் என்று உட்கார முடியாத வேலை இது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிள்ளைகள் பத்தொன்பது வயதை எட்டுகிறார்கள்.

நம்மிடம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். கேம்ப்பெல் பேயிலிருந்து இங்கே கப்பலில் வரவே நாள் கணக்கில் ஆகும் தீவுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த எண் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கயிறு கட்டுகிறவர், பூசாரி, மருந்துக் கடைக்காரர், கல்லூரியில் வருகைப்பதிவு எடுக்கிறவர், அங்கன்வாடி அக்கா. பதினான்கு மாதமும் அந்தத் தாய் தட்டிய கதவுகள் இவைதான். எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. ஒருவருக்காவது அடுத்த கதவு எது என்று தெரிந்திருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

அவன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். பகுதிநேரமாக ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். பேச்சு குறைவு. கல்லூரியைத் தொடரவில்லை. ஜன்னலில் ஒட்டிய காகிதத்தை அவனே உரித்துவிட்டான். பசைத் தடம் மட்டும் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது.

போன மாதம் ஜங்லிகாட் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், மகள் ஒரு வாரமாகத் தூங்குவதில்லை, சோற்றில் என்ன கலந்தாய் என்று கேட்கிறாள் என்று. அக்காவும் என்னோடு இருந்தார். மீன் பையை என் கையில் கொடுத்தார். “வீட்ல குடுத்துடு தம்பி” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “உங்க வீடு எங்கம்மா?” என்று கேட்டார். இருவரும் மேட்டில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.